அண்ணாந்து சாரின் கால் கட்டைவிரல்

திருச்சி ஜில்லாவிலேயே தரையைப் பார்க்காமல் அறுபது வயதைக் கடந்த ஒரே மனிதர் எங்கள் அண்ணாந்து சார்தான். கொள்ளிடம் பாலத்தில் நடந்து போனாலும் கொள்ளிடத்தைப் பார்க்க மாட்டார். கல்யாண வீட்டில் இலை போட்டால் இலையைப் பார்க்க மாட்டார். ரசம் எது, பாயசம் எது என்பதை நாக்கு சொன்ன பிறகுதான் தெரிந்துகொள்வார். கண் எப்போதும் கூரையில் இருக்கும்.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி முதலாளி முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அண்ணாந்து சார்.

சமயபுரம் தாண்டி, சென்னை நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் தொழிற்சாலை. மரத்தூளையும் கடலைத் தோலையும் காயவைத்து, மெஷினில் நெருக்கி, உருட்டுக் கட்டைகளாகத் தள்ளுவார்கள். அதற்குப் பெயர் பிரிக்கெட். நிலக்கரிக்குப் பதிலாக பாய்லரில் போடுவது. மூட்டைகளை லாரியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்புவது என் வேலை. எரிவதற்கென்றே பிறந்த சரக்கு அது. அதை எங்கள் கேட்டைத் தாண்டும்வரை எரியாமல் பார்த்துக்கொள்வது அண்ணாந்து சாரின் உத்தியோகம். கைலாசபுரம் பக்கம் பெரிய தொழிற்சாலை ஒன்றில் தீயணைப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று, வீட்டில் உட்கார முடியாமல் எங்களிடம் வந்து சேர்ந்தவர்.

அவர் அண்ணாந்து பார்ப்பது ஸ்பிரிங்க்ளரை. கூரைக்குக் கீழே வரிசையாகத் தண்ணீர்க் குழாய்கள் ஓடும். குழாயில் இடைவெளி விட்டு விட்டு ஒரு மூக்கு. ஒவ்வொரு மூக்கையும் சிவப்புத் திரவம் நிரப்பிய சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்று அடைத்துக்கொண்டிருக்கும். கீழே தீப்பிடித்துச் சூடு மேலே ஏறினால் குப்பி உடையும், தண்ணீர் கொட்டும். விஷயம் அவ்வளவுதான். ஆனால் ஃபோர்மேன் ஸ்டீபன் அதை ஷவர் என்று சொல்லிவிட்டால் சாருக்கு ரத்தம் கொதிக்கும்.

"ஷவரா? ஏன், சோப்பு, துண்டெல்லாம் எடுத்துண்டு வந்து அடியில நிக்கறதுதானே?"

பாலக்கரை ஸ்டீபன் லேசுப்பட்டவர் இல்லை. "தண்ணி வரட்டும் சார், நிக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து ஒரு சொட்டு வரலீங்களே" என்பார்.

மேலேயே பார்த்து நடந்தால் கீழே என்ன ஆகும்? எங்கள் தொழிற்சாலையில் அதிகம் அடிபட்டவர் பாதுகாப்பு அதிகாரிதான். தள்ளுவண்டியில் முட்டிக்கொள்வார், மூட்டையில் தடுக்குவார், கன்வேயர் ஓரத்தில் முழங்கையைச் சிராய்த்துக்கொள்வார். முதலுதவிப் பெட்டியில் இருந்த பஞ்சும் பிளாஸ்திரியும் முக்கால்வாசி அவருக்கே செலவாயின. முழங்கால், முழங்கை, மோவாய், நெற்றி என்று ஏதாவது ஓர் இடத்தில் கட்டு இருந்துகொண்டே இருக்கும். இரும்பு மூக்கு வைத்த ஷூ போட்டிருப்பார் என்பதால் கால் விரல்கள் மட்டும்தான் அவர் உடம்பில் அடிபடாத பகுதி.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீரங்கத்திலிருந்து கம்பெனி வேனில் நானும் அவரும்தான் தினமும் ஒன்றாகப் போவோம். ஸ்ரீரங்கத்தில் இருக்கும்வரை அவர் மானத்துக்குப் பங்கமில்லை. ராஜகோபுரத்துக்கு எதிரே நின்று யார் அண்ணாந்தாலும் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. சமயபுரத்தில்தான் ஒருநாள் மானம் போயிற்று. டீ குடிக்க வேனை நிறுத்தினோம். எதிரே ஒரு லாட்ஜ். அதன் வாசல் கூரையில் இருந்த ஏதோ ஒரு குழாயைப் பார்த்து இவர் அப்படியே நின்றுவிட்டார். மஞ்சள் புடவை கட்டி வந்த அம்மாக்கள் நாலைந்து பேர், இந்தப் பெரியவர் என்னத்தைப் பார்க்கிறார் என்று அவர்களும் அண்ணாந்தார்கள். பின்னால் வந்தவர்களும் அண்ணாந்தார்கள். ஓர் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். கூட்டத்துக்குள் புகுந்து சாரின் கையைப் பிடித்து இழுத்து வர நான் பட்ட பாடு மாரியம்மனுக்குத்தான் தெரியும்.

அவருடைய வீட்டம்மாவை நாங்கள் மாமி என்போம். மாமியின் காபி பிரமாதம், வாய் அதைவிடப் பிரமாதம். ஒருநாள் என்னிடம் சொன்னார்:

"இவர் என் முகத்தைப் பார்த்ததைவிட உத்தரத்தைப் பார்த்ததுதான் ஜாஸ்தி. பொண்ணு பார்க்க வந்தப்பவே எங்காத்து மச்சைத்தான் பார்த்துண்டு உட்கார்ந்திருந்தார். பையனுக்கு ரொம்பக் கூச்சம்னு எங்கப்பா உருகிப் போயிட்டார். கடைசில போகும்போது என்ன சொன்னார் தெரியுமா? 'அந்த வயர் உரிஞ்சிருக்கு, மாத்திடுங்கோ'ன்னார். என்னைப் பிடிச்சிருக்கா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லலை."

"மாத்தினாளா இல்லையா? அதைச் சொல்லு" என்றார் சார், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே.

மாமி டவுனில் பெரிய ஜவுளிக்கடைக்கு அவரோடு போவதையும் நிறுத்திவிட்டார். ஒருதரம் பட்டுப் புடவை எடுக்கப் போனபோது, கூரைக் குழாயில் கயிறு கட்டிப் புடவைகளைத் தொங்கவிட்டிருந்ததைச் சார் பார்த்துவிட்டார். குழாய் என்ன துணி காயப்போடுகிற கொடியா என்று ஆரம்பித்த சண்டை மேனேஜர் வரைக்கும் போய்விட்டது. கடைசியில் கடைக்காரர்கள் கயிற்றை அவிழ்த்தார்கள். மாமி புடவை வாங்காமல் வீட்டுக்கு வந்தார்.

தொழிற்சாலையில் அவருக்கு இன்னொரு பைத்தியம், தூசி. உத்தரங்களின் மேல் படியும் மரத்தூளை ஏணி வைத்து ஏறி விரலால் தொட்டுப் பார்ப்பார். தூசி தடிமனாக இருந்தால், அந்த ஷிஃப்டுக்கு யார் பொறுப்போ அவர் பெயரைத் தூசியிலேயே விரலால் எழுதிவிட்டு இறங்குவார். ஸ்டீபன் முதல்முறை தன் பெயரைப் பார்த்தபோது நெகிழ்ந்து போய் என்னிடம் வந்தார்.

"சாருக்கு எம்மேல எவ்வளவு பாசம் பாருங்க. அவ்வளவு உசரத்துல ஏறி எம்பேரை எழுதி வச்சிருக்காரு."

பின்னாலேயே சார் வந்து சேர்ந்தார். "மரத்தூள் கீழ கிடந்தா குப்பை. காத்துல பறந்து ஒரு பொறி பட்டுதுன்னா பட்டாசு மருந்து. உன் பேரு மேல உட்கார்ந்திருக்கே, அது பட்டாசு மருந்துல எழுதினது. போய்த் துடை."

ஒருநாள் நான் வாய் சும்மா இல்லாமல், "எல்லாம் ரங்கநாதர் பார்த்துப்பார் சார்" என்றேன். அவர் குரல் சட்டென்று தணிந்துவிட்டது. "பெருமாள் சயனத்துல இருக்கார்ப்பா. அவர் நிம்மதியாத் தூங்கணும்னா நாம முழிச்சுண்டு இருக்கணும்" என்றார்.

எங்கள் முதலாளி உப்பிலியபுரத்துக்காரர். மரவாடியில் ஆரம்பித்து உழைத்து மேலே வந்தவர், நல்ல மனிதர், ஆனால் ஸ்பிரிங்க்ளர் என்றால் அவருக்குக் குலை நடுங்கும். இன்ஷூரன்ஸ்காரர்கள் வற்புறுத்தியதால் போட்டாரே தவிர, தீயைவிடத் தண்ணீருக்குத்தான் அவர் அதிகம் பயந்தார். பிரிக்கெட் அப்படிப்பட்ட சாமான். தண்ணீர் பட்டால் ஊதி, பிளந்து, உப்புமாவாகிவிடும்.

"சினிமால பார்த்திருக்கேன் சார். ஒருத்தன் சிகரெட் பத்த வச்சா போதும், கட்டடம் பூரா மழை கொட்டுது. இங்க அப்படிக் கொட்டுனா குடோன் பூரா உப்புமாதான். நான் உப்பிலியபுரத்துக்கே திரும்பிப் போக வேண்டியதுதான்."

"சினிமால ஒருத்தர் அடிச்சா இருபது பேர் பறக்கறா. அதையும் நம்பறேளா முதலாளி? புகைக்கெல்லாம் இது திறக்காது. சூடு ஏறணும். எந்தக் குப்பிக்கு அடியில சூடோ அந்தக் குப்பி மட்டும்தான் உடையும். பக்கத்துல இருக்கறது தேமேன்னு இருக்கும்."

"கண்ணால பார்க்காம எப்படி சார் நம்புறது?"

அங்கேதான் சார் மாட்டிக்கொள்வார். கண்ணால் காட்ட வேண்டுமென்றால் குடோனுக்குத் தீ வைக்க வேண்டும். தீ வரக்கூடாது என்று நாள் முழுக்க ஏணி ஏறி இறங்குகிறவர் அவர். அவர் வேலை ஒழுங்காக நடந்தால் எதுவுமே நடக்காது. எதுவும் நடக்காததால் அவர் வேலை எதற்கென்று யாருக்கும் புரியவில்லை.

முதலாளிக்கும் ஒருநாள் அதே சந்தேகம் வந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் எங்களை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார்:

"சார் வந்த நாள்லேருந்து ஒண்ணுமே நடக்கலையே. தீபாவளி வரைக்கும் இருக்கட்டும். அப்புறம் வீட்ல ரெஸ்ட் எடுக்கட்டுமே, பாவம், அடி பட்டுக்கிட்டே இருக்காரு."

அன்று மாலை திருவானைக்காவல் தாண்டியதும் சார் வேனின் கூரையைப் பார்த்துக் கேட்டார்: "நான் போயிட்டா இங்க யாருப்பா அண்ணாந்து பார்ப்பா?" கேலி செய்யத்தான் எனக்குத் தெரியும், ஆறுதல் சொல்லத் தெரியாது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆயுத பூஜை என்றால் எங்கள் தொழிற்சாலையில் சாதாரணமாக நடக்காது. மெஷின்களை நிறுத்தி, கழுவி, பெயின்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி மாப்பிள்ளை மாதிரி நிறுத்துவோம். இந்த உற்சாகத்தில்தான் முந்தைய வருஷம் ஸ்டீபன் ஒரு காரியம் செய்திருந்தார். சாருக்கு மரியாதை செய்வதாக நினைத்து, கூரையில் இருந்த ஸ்பிரிங்க்ளர் மூக்குகள் அத்தனைக்கும் தங்கக் கலர் பெயின்ட் அடித்து, பெயின்ட் காய்ந்ததும் குப்பிக்குக் குப்பி சந்தனப் பொட்டும் வைத்துவிட்டார். அதைப் பார்த்த சார் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார். பெயின்ட் பூசிய குப்பி சரியான சமயத்தில் உடையாதாம். எல்லாவற்றையும் கழற்றிப் புதிது போட வேண்டி வந்தது. "பளபளன்னு கோயில் மாதிரி இருந்திச்சு, அதைப் போய் மாத்தணும்ங்கிறாரே" என்று முதலாளிக்கு அப்போதே மனத்தாங்கல்.

இந்த வருஷம் பூஜை பெரிய குடோனில். பாய்லர் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களெல்லாம் வருவதாக ஏற்பாடு. மூட்டைகள் சுவர் மாதிரி அடுக்கியிருக்க, நடுவில் சரஸ்வதி படம், பொரி, கடலை, பழம். முதலாளி சாரிடம் உத்தரவாகவே சொல்லிவிட்டார்:

"கற்பூரம், சாம்பிராணின்னு ஒரே புகையா இருக்கும் சார். பூஜை முடியற வரைக்கும் அந்தக் குழாய்க்குத் தண்ணி போற வால்வை மூடிடுங்க. அத்தனை பேர் முன்னாடி மழை கொட்டுனா என் மானம் என்னாகுறது?"

"கற்பூரம் ஏத்தற அன்னிக்குத்தான் அது திறந்தே இருக்கணும் முதலாளி."

"மூட மாட்டேன்னா சொல்லுங்க, தீபாவளி வரைக்கும்கூட வேணாம்."

நானும் முதலாளி பக்கம்தான். அடுக்கியிருந்தது நான் லாரி ஏற்ற வேண்டிய சரக்கு. ஸ்டீபனைக் கூட்டிக்கொண்டு நாங்களே போய் மூடிவிடலாம்தான். ஆனால் பம்ப் ரூமில் இருந்த வால்வுச் சக்கரத்துக்குச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. சாவி சாரின் பூணூலில் தொங்கியது. அதை அவிழ்க்கும் தைரியம் எங்கள் யாருக்கும் இல்லை.

பூஜை நாள் வந்தது. எல்லோரும் ஷூ, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றோம். முதலாளியின் மச்சான் கலர் காகிதத் தோரணங்களை ஸ்பிரிங்க்ளர் குழாயிலேயே கட்டியிருந்தார். காலையில் சார் அவற்றையெல்லாம் ஏணி போட்டுப் பிய்த்தெறிந்திருந்தார். பட்டு வேட்டியில் வந்த முதலாளி கண்ணைக் காட்டினார். "சார், போய் மூடிட்டு வந்துடுங்க. ஆரம்பிக்கலாம்."

சார் பூணூலை இழுத்துச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு பம்ப் ரூம் பக்கம் போனார். முதுகு கூனியிருந்தது. இவர் தலை மறைந்ததும் மச்சான் சும்மா இருப்பாரா? அதே குழாயில் மறுபடி தோரணத்தைக் கட்டி முடித்தார்.

சற்று நேரத்தில் சார் திரும்பி வந்தார், நொண்டிக்கொண்டு. வலது கால் கட்டைவிரலில் வெங்காயம் பருமனுக்கு ஒரு கட்டு.

"என்னாச்சு சார்?"

"பம்ப் ரூம் படியைப் பார்க்கலைப்பா. தடுக்கிடுத்து. உசிர் போறது."

குடோனே சிரித்தது. ஷூ இல்லாத ஒரே நாளில், மிச்சம் இருந்த ஒரே இடத்திலும் அடி வாங்கிவிட்டாரே என்று ஸ்டீபன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். முதலாளியும் சிரித்துவிட்டு, ஒரு நாற்காலி போடச் சொன்னார். அந்தச் சிரிப்பில் வால்வை மூடியாயிற்றா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

உட்கார்ந்த பிறகுதான் சார் வழக்கம்போல் அண்ணாந்து பார்த்தார். தோரணம் மறுபடி தொங்கியது. "ஏய், அந்தக் காகிதம்..." என்று எழுந்தார். அதற்குள் மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது.

தீபாராதனை முடிந்தது. திருஷ்டி சுற்றுவதற்கு மச்சான் பூசணிக்காயை எடுத்தார். மேலே வைத்திருந்த கற்பூரம் முஷ்டி அளவு இருக்கும். யாரோ செல்போனில் போட்டோ எடுக்க, அவர் உற்சாகமாகிக் காயைத் தலைக்கு மேலே தூக்கிச் சுற்றினார். முதலாளிக்கு வேர்க்கக் கூடாதென்று வைத்திருந்த ஃபேன் ஒரு பக்கம் முழு வேகத்தில் சுழன்றது. தோரணத்தின் வால் ஒன்று பறந்து வந்து கற்பூரத்தைத் தொட்டது.

காகிதம் எரிந்ததைப் பார்க்கவே நேரமில்லை. நெருப்பு மேலே ஏறி, அடுக்கின் உச்சியில் இருந்த மூட்டைகளைப் பிடித்துக்கொண்டது. மச்சான் பூசணிக்காயைப் போட்டுவிட்டு ஓடினார். சார் முதலில் அந்த ஃபேனை நிறுத்தினார். பிறகு எல்லோரையும் வாசல் பக்கம் விரட்டினார். ஸ்டீபன் தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார், ஆனால் அது பீச்சியது பாதி உயரத்துக்குக்கூட எட்டவில்லை. முதலாளி மட்டும் அடுக்கின் அடியை விட்டு நகரவில்லை. அந்தக் குடோனில் இருந்தது அவர் வாழ்க்கை.

"சார்! வால்வு! நான்தானே சார் மூடச் சொன்னேன்! ஐயோ, திறங்க சார், திறங்க!"

மேலே 'டக்' என்று ஒரு சத்தம். கடலை உடைத்த மாதிரி. அவ்வளவுதான்.

முதலில் வந்தது கருப்புத் தண்ணீர். வெகுநாள் குழாயில் தேங்கிக் கிடந்தது, அது அப்படியே முதலாளியின் பட்டு வேட்டியில் இறங்கியது. பின்னால் வெள்ளைத் தண்ணீர் குடை விரித்த மாதிரி கொட்டியது. முதலாளி இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு, அடுத்தது உடையும், அதற்கடுத்தது உடையும், எல்லாம் உப்புமாவாகும் என்று காத்திருந்தார். நானும்தான். எதுவும் உடையவில்லை. ஒரே ஒரு மூக்கு, நெருப்புக்கு நேர் மேலே இருந்தது மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவையெல்லாம், சார் சொன்ன மாதிரியே, தேமேன்னு இருந்தன. நெருப்பு சீறிப் புகைந்து அடங்கியது.

முதலாளி, மச்சான், ஸ்டீபன், விருந்தாளிகள், நான் என்று அத்தனை பேரும் வாயைப் பிளந்து அண்ணாந்து நின்றோம். சார் கம்பியால் மூட்டைகளைக் குத்திக் குத்திப் பார்த்தார். உள்ளே கங்கு இல்லை என்று தெரிந்த பிறகு ஸ்டீபனைக் காவல் வைத்துவிட்டு, தண்ணீரை நிறுத்த பம்ப் ரூமுக்கு ஓடினார். தரையைப் பார்த்து ஓடினார். ஈரத் தரையில், பழங்களுக்கும் பூசணித் துண்டுகளுக்கும் நடுவே, எதிலும் இடறாமல், நொண்டாமல் ஓடினார். அவர் கண் நிறைந்திருந்ததை நான் பார்த்தேன்.

வீணாய்ப் போனது ஒரு மூலையில் இருந்த மூட்டைகள் மட்டும். திரும்பி வந்த சாரிடம் முதலாளி, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டக் கேட்டார்: "மூடலையா சார் நீங்க?"

"விழுந்துட்டேனே முதலாளி! கட்டுப் போடற அவசரத்துல வால்வு மறந்தே போச்சு."

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து மெஷினைக் கொஞ்சம் ஓட்டிவிட்டு நிறுத்துவது வழக்கம் என்பதால் எல்லோரும் வந்திருந்தோம். ஷூவைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றபோது ஸ்டீபன் என் விலாவில் இடித்தார். சாரின் காலைப் பார்த்தேன்.

கட்டு இடது கால் கட்டைவிரலில் இருந்தது.

நான் பார்த்தேன், ஸ்டீபன் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் வந்து நின்ற முதலாளியும் பார்த்துவிட்டார். வெகுநேரம் அந்தக் கட்டையே பார்த்தார். சார் வழக்கம்போல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடிபட்டது எந்தக் கால் சார்?" என்று கேட்டார் முதலாளி.

சார் அப்போதுதான் குனிந்து பார்த்தார். முகம் ஒரு நிமிஷம் சிவந்தது. "ரெண்டுமே கொஞ்சம் வலிக்கறது முதலாளி."

முதலாளி சிரிக்கவில்லை. "ரெண்டும் நல்லாக் குணமாகட்டும் சார். அதுவரைக்கும் இங்கேயே இருங்க" என்றார்.

அந்தக் கம்பெனியை விட்டு நான் வந்தாயிற்று. சார் இன்னும் அங்கேதான் இருக்கிறார். காலையில் உத்தர வீதிப் பக்கம் வேனுக்காக அண்ணாந்தபடி நிற்பதைப் பார்த்தால் ஸ்கூட்டரை நிறுத்தி, "கால் எப்படி இருக்கு சார்?" என்று கேட்பேன். "இன்னும் சரியாகலைப்பா" என்பார் வானத்தைப் பார்த்து.

சரியாகவே வேண்டாம் என்று நான் ரங்கநாதரிடம் வேண்டிக்கொள்கிறேன்.